வரப்பெலிக்குக் காலம் கோடை: ஒரே வாய்க்காலில் பாயும் டெல்டா உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே, வயலில் இறங்கி நடவு நடும் அக்கா தங்கைகளே,



உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. வயல் வெடித்துக் கிடக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா, குறுவை போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதுதான் இப்போது டீக்கடையில் பேச்சு. எலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சு மார்கழியில் வரும். கதிர் தொண்டையில் இருக்கும்போது, வயலின் நடுவில் திட்டுத் திட்டாகப் பயிர் அறுபட்டுக் கிடப்பதைப் பார்த்த பிறகு வரும். அன்றைக்கு எலிக்குக் கிட்டி வைக்கிற கிட்டிக்காரரைத் தேடினால் அவர் பத்து ஊருக்கு வாக்குக் கொடுத்திருப்பார். மருந்துக்கடைக்கு ஓடுவோம். சிலர் அதைவிடப் பயங்கரமான வழிக்கும் போவார்கள். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் சித்திரையிலேயே இந்த மடலை எழுதுகிறேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த காலம் முழுவதும் உங்கள் வரப்புகளில் நடந்தவன் நான். வரப்பெலி எப்படிப் பிறக்கிறது, எப்போது குட்டி போடுகிறது, எங்கே ஒளிகிறது என்பது தெரிந்தால், அதை எந்த மாதத்தில் பிடிக்க வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில், வாய்க்கால் முழுக்க ஒரே நேரத்தில், மண்வெட்டியோடு இறங்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

முதலில் எந்த எலி என்று தெளிவாகிவிடுவோம். வீட்டுக் கொல்லையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கழிவுநீர்க் குழியை ஒட்டியும் திரிகிற பெருச்சாளியை எல்லோருக்கும் தெரியும். நன்றாக வளர்ந்தது ஒரு கிலோவைத் தொடும். சுவரின் அடித்தளத்தைத் தோண்டும், வாழைக் கிழங்கைக் குடையும். ஆனால் நெல் வயலின் நடுவே உங்களுக்கு நட்டம் வைப்பது பெரும்பாலும் அது இல்லை. அதன் இனத்தைச் சேர்ந்த சின்ன உருவம், வரப்பெலி. கரம்பை எலி என்றும் சொல்வோம். பெரும்பாலும் 200 முதல் 300 கிராம் வரை இருக்கும். கரும்பழுப்பு முடி, தடித்த மொண்ணை மூக்கு, உடம்பைவிடக் குட்டையான கருத்த வால். இதைப் பெருச்சாளிக் குட்டி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் உண்டு. குட்டி இல்லை, வளர்ந்து நாலைந்து ஈடு போட்ட தாயாகக்கூட இருக்கலாம். தென்னை மரத்தில் ஏறிக் குரும்பையைக் கடிப்பது இன்னொரு எலி. வரப்பெலி மரம் ஏறுவதில் கெட்டி இல்லை. தோண்டுவதிலும் நீந்துவதிலும் அதற்கு இணை கிடையாது.

அதன் வளையைப் பாருங்கள். வரப்பின் சரிவில் புதுமண் குவிந்திருக்கும். பக்கத்தில் திறந்த வாயைத் தேடினால் கிடைக்காது. பகலில் அது உள்ளே இருக்கும்போது வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். பாம்பு நுழையாமல் இருக்கவும், உள்ளே ஈரம் குறையாமல் இருக்கவும் அந்த அடைப்பு உதவுகிறது. குவிந்த மண்ணை விலக்கி, மெத்தென்று இருக்கிற இடத்தில் விரலை விட்டால் சுரங்கம் தட்டுப்படும். அங்கிருந்து கிளை கிளையாகப் பிரியும். ஒரு கிளை மேலே வந்து, மேல்மண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றுவிடும். அதுதான் ஓடும் வழி. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஓட்டை இருப்பதே தெரியாது. மண்வெட்டி நெருங்கும்போது அந்த மெல்லிய மண்ணை முட்டிக்கொண்டு பாயும். பழகிய ஆள் வெட்ட ஆரம்பிக்கும் முன் வரப்பைச் சுற்றிக் காலால் தட்டிப் பார்ப்பது இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். அதைக் கண்டுபிடிக்காமல் வெட்டினால் கூலியும் போச்சு, எலியும் போச்சு.

உள்ளே இன்னும் போனால் அறைகள். ஒன்றில் வைக்கோலையும் புல்லையும் கிழித்து மெத்தை போட்டிருக்கும். இன்னொன்றில் நெல். கதிர் முற்றும் காலத்தில் வெட்டிய வளையை நீங்களே பார்த்திருப்பீர்கள். கதிரை உதிர்த்துப் போடாமல் கழுத்தோடு அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்து வைத்திருக்கும். ஒரு வளையில் ஓரிரு கிலோ நெல் எடுப்பது அதிசயம் இல்லை, கூடுதலாகவும் எடுத்திருக்கிறார்கள். தின்பதைவிடச் சேர்ப்பது அதிகம் என்பதுதான் இந்த எலியின் கெட்ட குணம். அந்த நெல்தான் அறுப்புக்குப் பிறகு, வயலில் ஒன்றும் இல்லாத மாதங்களில், அதை உயிரோடு வைத்திருக்கிறது.

ஒரு வளைக்கு ஒரு வளர்ந்த எலி என்பதுதான் வழக்கம். தாயானால் குட்டிகளோடு இருக்கும். ஆண் வளைக்கு வளை சுற்றும். இரண்டு வளர்ந்த ஆண்கள் சந்தித்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். பிடிபட்டவற்றின் முதுகிலும் வாலிலும் ஆறிய தழும்புகள் நிறைய இருக்கும். வளைக்குள் நெருக்கினால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அந்த உறுமலைக் கேட்டுக் கையை இழுத்துக்கொள்ளாத புது ஆள் கிடையாது.

தனியாக வாழ்கிற பிராணி என்பதால்தான் வளைகளின் எண்ணிக்கையை வைத்து எலிகளின் எண்ணிக்கையை ஓரளவு சொல்ல முடிகிறது. மாலையில் வரப்பு நெடுக உள்ள வாய்களை எல்லாம் மிதித்து அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எங்கெல்லாம் புதுமண் தள்ளியிருக்கிறதோ அங்கெல்லாம் ஆள் இருக்கிறது. மற்றவை காலி வீடுகள். வெட்டும் முன் இதைச் செய்தால் பாதிக் கூலி மிச்சம்.

இப்போது குட்டி போடும் கணக்குக்கு வருகிறேன். இந்த மடலில் முக்கியமான இடம் இதுதான்.

சினை காலம் ஏறக்குறைய 3 வாரம். ஒரு ஈட்டில் சராசரியாக 6, 7 குட்டிகள். தீனி செழித்த காலத்தில் 10-ஐத் தாண்டுவதும் உண்டு. பிறக்கும்போது முடியில்லாமல், கண் மூடி, இளஞ்சிவப்பாக இருக்கும். இரண்டு வாரம் கழிந்த பிறகு கண் திறக்கும். நான்காம் வாரத்தில் பால் மறக்கும். 3 மாதத்தில் அதுவே தாயாகத் தயார். ஈன்ற சூட்டோடு தாய் மறுபடி சினை பிடிக்கவும் முடியும், ஆகவே ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வேண்டியதில்லை. வயலில் இவற்றில் பல ஒரு வருடம்கூட உயிரோடு இருப்பதில்லை. ஆனால் இந்த வேகத்தில் பெருகுகிற பிராணிக்கு நீண்ட ஆயுள் தேவையும் இல்லை.

ஆனால் இது வருடம் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. பயிரைப் பார்த்து நடக்கிறது. நெல் தூர் கட்டி, தொண்டைக்கதிர் வரும் நேரத்தில் பெண் எலிகளின் சினை உச்சத்தை நெருங்கும். பால் பிடிக்கும்போது குட்டிகள் பிறந்துகொண்டிருக்கும். மணி முற்றும்போது அந்தக் குட்டிகள் பால் மறந்து தாமே மேய வந்துவிடும். நம் பயிரின் சத்து எந்த நாளில் உச்சத்தில் இருக்கிறதோ, அந்த நாளில்தான் வயலில் வாய்களும் உச்சத்தில் இருக்கின்றன. தையில் அறுப்பு முடிந்ததும் தீனி சுருங்கும், ஈடு குறையும். இளையவை நிறைய சாகும். பாம்பும் நரியும் கூகையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரை, வைகாசியில் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் வயலில் பரந்து கிடப்பதில்லை. அகலமான வரப்பு, வாய்க்கால் கரை, திடல், தோப்பு ஓரம், வைக்கோல் போரின் அடி என்று ஈரமும் நிழலும் உள்ள சில இடங்களில் ஒடுங்கியிருக்கும். சேர்த்த நெல், சிந்திய உளுந்து, கோரைக்கிழங்கு, நண்டு, நத்தை என்று கிடைத்ததைத் தின்று தண்ணீர் வரும் வரை காத்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வைகாசியில் தப்பித்த ஒரு பெட்டை ஆடியில் ஒரு ஈடு, புரட்டாசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று போடுகிறது என்று வையுங்கள். ஈட்டுக்கு 7 என்றால் 21. ஆடியில் பிறந்த ஏழில் மூன்று பெட்டை என்றால், அவை கார்த்திகைக்குள் தாயாகி ஆளுக்கு 7 போட்டால் இன்னொரு 21. எல்லாம் பிழைத்தால், தை அறுப்பின்போது அந்த ஒரு பெட்டையின் குடும்பம் 40-ஐத் தாண்டிவிடும். எல்லாம் பிழைக்காது என்பது உண்மைதான். பாதி செத்தாலும் 20. மார்கழியில் அந்த இருபதைத் துரத்துவதற்கும் வைகாசியில் ஒன்றை வெட்டி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வயலில் தண்ணீர் நின்ற பிறகு வரப்பை வெட்ட முடியாது. வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும், பக்கத்து வயல்காரரோடு சண்டை வரும். கோடையில் வரப்பை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். எப்படியும் உழவுக்கு முன் அண்டை வெட்டி வரப்பைச் சீர்செய்யத்தானே போகிறோம்? அந்த வேலையை எலி வேட்டையோடு சேர்த்துச் செய்யுங்கள்.

பயிர் மேல் எலி கைவைக்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் காலம் தாழ்த்திக் கண்டுபிடிக்கிறவர்கள்தான் அதிகம். நட்ட சில வாரங்களில் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, கத்தியால் சாய்வாகச் சீவினாற்போல் வெட்டு இருக்கும். வெட்டிய துண்டுகள் தண்ணீரில் மிதக்கும். நண்டு வெட்டினால் இளம் நாற்றைக் கிழித்துப்போட்டது போல் ஒழுங்கில்லாமல் இருக்கும். தண்டுத் துளைப்பான் என்றால் வெளியே வெட்டே இருக்காது. நடுக்குருத்து காய்ந்திருக்கும், இழுத்தால் கையோடு வரும். தூர் கட்டும் பருவத்தில் எலி வெட்டியதைப் பயிர் பெரும்பாலும் சமாளித்துவிடும், பக்கத்தூர் வெடித்து மேலே வரும். அந்த நிலையில், ‘பயிர்தான் தேறிவிட்டதே’ என்று விட்டுவிடுகிறோம். கதிர் தொண்டைக்கு வந்த பிறகு வெட்டினால் பயிர் தேறாது. போனது போனதுதான். அப்போதும் வரப்போரத்தில் நின்று பார்க்கிறவருக்கு நட்டம் தெரியாது. ஓரத்தை விட்டுவிட்டு வயலின் உள்ளேதான் வெட்டியிருக்கும். இறங்கி நடுவரை நடந்தால்தான் தெரியும்.

ஏன் வாய்க்கால் முழுக்கச் செய்ய வேண்டும் என்கிறேன்? உங்கள் மூன்று மாவில் உள்ள வளைகளை எல்லாம் நீங்கள் வெட்டி எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே பக்கத்து வயலில் வெட்டவில்லை. அங்கே பிறந்து, பால் மறந்து, சொந்தமாக ஒரு வளைக்கு இடம் தேடுகிற இளம் எலிக்கு உங்கள் வரப்பு காலி மனை. சில நாளிலேயே குடிவந்துவிடும். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிராண்ட் சிங்கிள்டன் போன்ற அறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதைத்தான். அங்கே அவர்கள் பார்த்த எலி வேறு இனம். பாடம் நமக்கும் பொருந்தும்: எலியின் இனப்பெருக்கக் காலம் தொடங்கும் முன், ஊர் சேர்ந்து, ஒரே சமயத்தில். அவர்கள் சொல்லும் இன்னும் இரண்டு விஷயங்கள் நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை. வரப்பை ஒரு அடிக்குக் குறைவான அகலத்தில் வைத்தால் அதற்குள் அறை கட்ட எலிக்கு இடம் போதாது. ஒரே பகுதியில் நடவை இரண்டு வார இடைவெளிக்குள் முடித்தால் கதிர் பருவமும் எல்லோருக்கும் ஒன்றாக வந்து ஒன்றாக முடியும், எலிக்குத் தீனிக்காலமும் நீளாது.

இந்த இரண்டாவது விஷயம் டெல்டாவில் கடினம் என்று எனக்குத் தெரியும். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஒருவர் குறுவை, ஒருவர் ஒருபோகச் சம்பா, ஒருவர் தாளடி. ஒருவர் நேரடி விதைப்பு, இன்னொருவர் இயந்திர நடவு. இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் ஒரு வயலில் பால் பிடித்து முற்றும்போது அடுத்த வயலில் தொண்டைக்கதிர் வருகிறது. எலி இங்கே ஒரு ஈடு போட்டு அங்கே அடுத்த ஈட்டைப் போடுகிறது. டெல்டா முழுவதையும் ஒன்றாக நடச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு கன்னி வாய்க்காலில் பாயும் பத்து, இருபது பேர் பேசிக்கொண்டால், அந்த அளவுக்காவது நாளை நெருக்கி வைக்க முடியும். முறைத் தண்ணீருக்கு உட்கார்ந்து பேசுகிறோம் அல்லவா, அதே கூட்டத்தில் இதையும் பேசலாம்.

கோடையில் தூர்வாரும் இயந்திரம் வாய்க்காலுக்கு வரும் சமயம் மிக நல்ல சமயம். கரையில் உள்ள வளைகள் வாய்க்காலுக்கும் கேடு: தண்ணீர் ஏறியதும் அந்தச் சுரங்கம் வழியாகத்தான் கசிந்து உடைப்பு எடுக்கிறது. கோரையையும் காட்டாமணக்கையும் வெட்டிக் கரையைத் திறந்தாலே பாதி வளைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வைக்கோல் போரை வரப்பை ஒட்டிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கும்போது இன்னொரு வாய்ப்பு வரும். நீந்தத் தெரிந்த எலியும் குடியிருக்க மேட்டைத் தேடித்தான் வர வேண்டும். திடலிலும் பெரிய கரையிலும் அப்போது குவிந்து கிடக்கும். ஆனால் கோடையைத் தவறவிட்டுவிட்டு அதை நம்பியிருக்காதீர்கள்.

கிட்டியைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண் புத்தகங்களிலேயே பேர் வாங்கிய பொறி இது. வளைத்த மூங்கில் சிம்பு வில்லாகிறது. அதில் நாண், நடுவில் இரை. எலி இரையைக் கவ்வி இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். மருந்து கிடையாது, மின்சாரம் கிடையாது. சூட்சுமம் பொறியில் பாதி, வைக்கிறவர் கண்ணில் பாதி. மாலை வெயிலில் அவர் வரப்பில் நின்று பயிருக்குள் பார்ப்பார். எலி ஒரே தடத்தில்தான் தினமும் போகும். அந்தத் தடத்தில் தூர்கள் லேசாக ஒதுங்கியிருக்கும், சேற்றில் வால் இழுபட்ட கோடு தெரியும், வெட்டிய துண்டு மிதக்கும். அங்கே கிட்டியை ஊன்றுவார். விடியலில் வந்து எடுப்பார். நட்டு மூன்று நான்கு வாரத்துக்குள், குட்டி போடும் உச்சம் வரும் முன்னால், கிட்டி வைத்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். கோடை வெட்டுக்குத் தப்பியதைக் கிட்டி பிடிக்கட்டும்.

கூகையை விரட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பாழடைந்த வீட்டிலும் கோபுரத்திலும் பனைப் பொந்திலும் இருக்கிற அந்த வெள்ளை முகத்துப் பறவை கத்தினால் சாவு வரும் என்று சொல்லிக் கல்லெறிகிறோம். அது உட்காரும் இடத்துக்குக் கீழே கருப்பாக, பெருவிரல் பருமனில் உருண்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள். மெத்தையான முடிக்கு நடுவே சின்ன மண்டையோடு, தாடை, மஞ்சள் ஏறிய முன்பல். எல்லாம் எலி. காவிரிப் படுகையிலேயே இப்படிக் கூகையின் கக்கல்களைச் சேகரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். வரப்பெலியின் எலும்பு அவற்றில் வழக்கமாகக் கிடைக்கிறது. குஞ்சு வைத்திருக்கும் கூகை இரவு முழுக்க வேட்டையாடும். நட்ட கையோடு வயலில் பறவை தாங்கிகள் ஊன்றி வையுங்கள். ஒரு கம்பின் தலையில் குறுக்குக் கட்டை கட்டினால் போதும். கதிர் முற்றத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் நெல் தின்னும் குருவிகள் உட்காரும். சாரைப்பாம்பைக் கண்டதும் அடிப்பதையும் நிறுத்துங்கள். அது நஞ்சில்லாத பாம்பு. வளைக்குள்ளேயே நுழைந்து குட்டிகளோடு எடுக்கக்கூடியது அது.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

மார்கழியில் பதற்றத்தோடு மருந்து வைக்கும்போது என்ன நடக்கிறது? வரப்பெலி புதுப் பொருளைச் சந்தேகப்படும். உடனே கொல்லும் துத்தநாகப் பாஸ்பைடு கலந்த இரையைக் கொஞ்சம் கொறித்துப் பிழைத்த எலி, அந்த வாசனையை அதற்குப் பிறகு தொடாது. மருந்து கலக்காத வெறும் இரையை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிய பிறகுதான் மருந்து கலக்க வேண்டும் என்பதைச் செய்யப் பொறுமை இருப்பதில்லை. மெதுவாகக் கொல்லும் புரோமடையலோன் வகை மருந்தைத் தின்ற எலி சாவதற்குச் சில நாளாகும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியைக் கூகை பிடித்தால் கூகைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். நமக்காக உழைத்த பறவையை நாமே கொல்வதுதான் மிச்சம்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தின்றவர் முதல் நாள் எழுந்து நடப்பார், பேசுவார். சில நாளில் கல்லீரல் கெட்டு இறப்பார். கோபத்தில் ஒரு நிமிடம் அறிவிழந்த எத்தனையோ பிள்ளைகள், பெண்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். பழைய குழாய் பரணில் எங்காவது கிடந்தால் இன்றைக்கே எடுத்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பத்திரப்படுத்தி, எப்படி அழிப்பது என்று உங்கள் வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். வீட்டில் எந்த எலி மருந்தையும் சேர்த்து வைக்க வேண்டாம்.

எலிக்கு மின்கம்பி கட்டுவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. பம்பு செட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வரப்போரம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விடியலில் தண்ணீர் கட்ட வந்தவர் மிதிக்கிறார். மாடு தேடி வந்த பையன் மிதிக்கிறான். கட்டியவரே தூக்கக் கலக்கத்தில் மறந்து மிதித்து விழுந்த செய்திகளையும் படித்திருக்கிறோம். அது சட்டப்படி குற்றம், ஆள் இறந்தால் சிறை. சட்டத்தை விடுங்கள். பக்கத்து வயல்காரர் நம் அண்ணன், நம் மாமன். ஒரு மூட்டை நெல்லுக்காக அவர் வீட்டை இருட்டாக்க யாருக்கும் மனம் வராது. பதற்றம்தான் அப்படிச் செய்யவைக்கிறது. கோடையில் வேலையை முடித்தவருக்கு மார்கழியில் அந்தப் பதற்றம் வராது. உங்கள் வாய்க்காலில் யாராவது கம்பி கட்டியிருப்பது தெரிந்தால் உறவு கெடும் என்று பார்க்காதீர்கள். அன்றைக்கே போய்க் கழற்றச் சொல்லுங்கள்.

எலி பிடிக்கிறவர்களைப் பற்றியும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், கடலூர்ப் பக்கம் இருளர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்கிறார்கள். 1970-களில் பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்ட பிறகு, பாம்பு பிடித்துப் பிழைத்த அவர்களில் பலருக்கு எலியும் வரப்பும்தான் பிழைப்பு. 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அந்த நெருக்கடிக்குப் பிறகுதான். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் ஒரு கீறலைப் பார்த்து உள்ளே எலியா, பாம்பா, காலி வளையா என்று சொல்லும் அறிவு அவர்களுடையது. முன்பெல்லாம் பானையில் ஓட்டை போட்டு, வைக்கோலை மூட்டி, வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார்கள். கையும் உதடும் வெந்து, புகையெல்லாம் நெஞ்சுக்குள் போகும். பிறகு கையால் சுற்றும் புகைபோடும் கருவி வந்தது, ஆனால் எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை.

அவர்களையும் நம் ஊர்க் கிட்டிக்காரர்களையும் மார்கழியில் மட்டும் தேடாமல் கோடையில் அழையுங்கள். வேலை இல்லாத மாதத்தில் அவர்களுக்குக் கூலி, நமக்குப் பலன். எலிக்கு இவ்வளவு என்று பேசும்போது கோடையில் கிடைக்கும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, நாள் கூலியாகவோ வளைக்கு இவ்வளவு என்றோ பேசுங்கள். வைகாசியில் பிடிக்கும் ஒன்று மார்கழியில் பிடிக்கும் இருபதுக்குச் சமம் என்று மேலே கணக்குப் பார்த்தோமே, கூலியிலும் அந்தக் கணக்கு இருக்கட்டும். வளையில் கிடைக்கும் நெல் வெட்டுகிறவருக்கு என்பது பழைய வழக்கம். அதைப் பிடுங்காதீர்கள்.

நடவு நடும் அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் உள்ள சின்ன வெடிப்பு, கீறல் வழியாகவே உடம்பில் ஏறும். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு என்று வந்தால், வெயில் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய், ‘வயலில் இறங்கி வேலை செய்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். தொடக்கத்தில் மருந்து கொடுத்தால் குணமாகிற நோய் இது. மஞ்சள் கண்ட பிறகு போனால் சிறுநீரகம் வரை போய்விடும். வளை வெட்டுகிறவர்களும் வெறுங்கையால் எலியைத் தூக்க வேண்டாம். செத்ததை வாய்க்காலில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

இனி உங்கள் கையில் இருப்பது நாள் குறிப்பதுதான். வைகாசி பிறப்பதற்குள் வாய்க்காலுக்கு ஒரு கூட்டம் போடுங்கள். குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்களை விட்டுவிடாதீர்கள். வெளியூரில் இருக்கும் நிலக்காரர்களுக்குப் போன் போட்டு அவர்கள் வரப்பை வெட்டச் சம்மதம் வாங்குங்கள். யாரும் பார்க்காத அந்த வயல்களில்தான் எலி அதிகம் தங்குகிறது. ஆளுக்கு மாவுக்கு இவ்வளவு என்று போட்டு ஒரு பொதுப்பணம் சேர்த்து வெட்டுக்காரர்களுக்கு முன்பணம் கொடுங்கள். முதல் நாள் மாலையில் வளை வாய்களை எல்லோரும் சேர்ந்து மிதித்து அடையுங்கள், மறுநாள் காலையில் தலைமடையிலிருந்து வெட்டத் தொடங்கிக் கடைமடையில் முடியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தரம் மிதித்துப் பாருங்கள். புதுமண் தள்ளியிருக்கும் இடங்களை மறுபடி வெட்டுங்கள். பிறகு வரப்பை ஒரு அடிக்கும் குறைவாக ஒடுக்கி அண்டை கட்டுங்கள். மேட்டூர்த் தண்ணீர் உங்கள் மடைக்கு வருவதற்குள் இவ்வளவையும் முடித்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்